பால்வண்ணம் அண்ணாச்சி வீட்டு ஒழுகல்

நல்லமுத்தூரில் ஆட்கள் வீடு மாறுவார்கள், பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு வீடு மாறும், பஸ் ஸ்டாண்டு கூட ஒருமுறை ஊருக்கு மேற்கே இருந்து கிழக்கே மாறியது. ஆனால் ஒரு ஒழுகல், குடியிருந்தவர்களோடு சேர்ந்து, பாத்திரம் பண்டங்களோடு வண்டியேறி வீடு மாறிப் போனது அந்த வருஷத்துச் சித்திரையில்தான். இதில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாலு வருஷம் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக இருந்துவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் கிளம்பும்போது அது மட்டும் அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்யும் என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாடு முழுக்க அன்னமயிலுக்குத்தான்.

அன்னமயில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். அவள் புருசன் சூரத்துக்கு வேலைக்குப் போனவன், முதல் வருஷம் போன் பண்ணினான், இரண்டாம் வருஷம் போன் நம்பரை மாற்றினான், அதற்குமேல் அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அவளுக்கு இருந்தது தர்ஷினி என்று ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது, மேலத்தெருவில், பூட்டிக் கிடக்கும் பஞ்சு குடோனுக்கு மேலே, பதினேழு படி ஏறினால் வருகிற மாடி வீட்டை, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் எஸ்தர் டீச்சரோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்தாள். ஆளுக்கு ஒரு அறை, அடுப்படி பொது, வாடகை சரிபாதி, சண்டை எப்போதாவது. டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆக வேண்டிய அவசரமும் இல்லை. தர்ஷினிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதும் அன்னமயில் வைக்கும் புளிக்குழம்பில் உப்பு பார்ப்பதுமாகச் சௌகரியமாக இருந்தாள்.

ஒழுகல் வந்தது முதல் ஐப்பசியில். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு விரிசல், அதிலிருந்து கூரைக்குள் இறங்கி, அன்னமயிலும் பிள்ளையும் படுக்கிற அறையில் முதலில் ஒரு தோசை அகலத்துக்குக் கறையாக நின்றது, பிறகு சொட்டியது. மழைக்குத்தான் ஒழுகுகிறது என்று பார்த்தால் மழை விட்ட பிறகும் தொட்டித் தண்ணீருக்கு ஒழுகியது. டொக் டொக் என்று இரண்டு சொட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம், அப்புறம் மூன்றாவது சொட்டு. கட்டிலை இந்தச் சுவருக்கு நகர்த்தினால் மூன்று நாளில் அங்கே வந்தது, அந்தச் சுவருக்கு நகர்த்தினால் அங்கே வந்தது. சுவரெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் பூஞ்சை. தர்ஷினிக்கு வீசிங் வந்தது. பிள்ளை படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். டாக்டர் எழுதின மருந்தையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பேனாவை மூடி வைத்து, "அந்த வீட்டை விட்டு வெளிய கொண்டு போங்கம்மா" என்றார். உடனே வேறு வீடு அமையவில்லை. அன்னமயில் பிள்ளையைக் கொண்டுபோய் உடன்குடியில் அக்கா வீட்டில் விட்டாள். ஏழு வயதில் விட்டது, இப்போது ஒன்பது. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு, பின்னின தலையைத் தடவிவிட்டுத் திரும்பி வருவாள்.

வீட்டுக்காரர் பால்வண்ணம் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் அன்னமயில் முதல் மாதமே சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். அண்ணாச்சி கடைத்தெருவில் சிமெண்டும் கம்பியும், கூரை ஒழுகாமலிருக்க மொட்டைமாடியில் பூசுகிற வெள்ளைப் பெயிண்டும் விற்றார். ஊரில் பாதி வீடு அவர் கடைச் சாமானால்தான் ஒழுகாமல் நின்றது. ஒழுகலைச் சொல்ல அன்னமயில் போனால் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடச் சொல்வார், பன்னீர் சோடா வாங்கி வரச் சொல்வார், பிள்ளை எப்படி இருக்கு என்று விசாரிப்பார், அவள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்பார், கேட்டு முடித்ததும் தலைக்கு மேலே ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரை நிமிர்ந்து பார்ப்பார்.

"வந்து பாக்கலாம்னுதான் இருந்தேன் தாயீ. இன்னிக்கு மேக்கே சூலம். வீடு மேக்கேல்லா இருக்கு."

அடுத்த முறை போனால் கரிநாள். அதற்கடுத்த முறை அஷ்டமி, மறுநாள் நவமி, அது போனால் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். ஒரு குறையும் இல்லாத நல்ல நாளில் அண்ணாச்சி கடையிலேயே இருக்கமாட்டார், அந்த மாதிரி நாளில்தானே ஊரில் கல்யாணம் வைக்கிறார்கள், கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். மறுநாள் போனால், "பாத்துக்கிடலாம் தாயீ" என்பார். போதாக்குறைக்கு, "எங்க வீட்டுல ஒழுகலே கிடையாது, எங்கப்பா பக்கத்துல நின்னு கட்டுனது, நீ எதுக்கும் பாத்திரத்தை நகட்டி வச்சுப் பாரு" என்பார். நாலு வருஷத்தில் அந்தப் பதினேழு படியில் ஒரு படி கூட அவர் ஏறவில்லை. அன்னமயில் குடித்த பன்னீர் சோடா மட்டும் ஐம்பதுக்குக் குறையாது.

கடைசியில் பால்பண்ணைத் தெருவில் ரெங்கம்மாக்கா வீட்டுப் பின்கட்டு காலியானது. வெயில் அடிக்கிற வீடு. சுவரைத் தொட்டால் கை சுட்டது. அன்னமயில் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், ரெங்கம்மாக்கா ஒரு மாதிரியாகப் பார்த்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்றைக்கே உடன்குடிக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடம் திறக்குமுன்னே, வைகாசிக் கடைசிச் சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும்படி அக்காவிடம் சொல்லிவிட்டாள். தர்ஷினி போனை வாங்கி, "நெசமாவா, அப்புறம் மாத்திற மாட்டியே" என்று கேட்டது. மாற்றமாட்டேன் என்று சொன்னாள்.

வீடு காலி செய்கிற அன்றைக்காவது அண்ணாச்சி வந்து சாவியை வாங்கிக்கொள்வார் என்று அன்னமயிலும் டீச்சரும் எதிர்பார்த்தார்கள். "ஆணியில மாட்டிட்டுப் போ தாயீ, பாத்துக்கிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரி, தொலைகிறது என்று வண்டியில் சாமான் ஏற்றினார்கள். புது வீட்டுக்கு முதலில் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போக வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். உப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, பித்தளைக் குடமும் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தது. குழாயில்தான் தண்ணீர் வரவில்லை, பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் அன்றைக்கு வரவேண்டியது, வரவில்லை. மேல்தொட்டியும் அடி காய்ந்துவிட்டது. நல்ல நேரம் முடியக் கால்மணி நேரம். அறை நடுவே ஒழுகலுக்கு வைத்த அலுமினியச் சட்டி மட்டும் விளிம்பு வரைக்கும் தெளிந்து நின்றது.

"தண்ணின்னா தண்ணிதானே, அன்னம். அது எங்கேருந்து வந்துதுன்னு குடத்துக்குத் தெரியவா போகுது?" என்றாள் எஸ்தர் டீச்சர். அவளுக்கு இந்தச் சாங்கியத்தில் நம்பிக்கை இல்லை, வண்டிக்காரன் சத்தம் போடுவானே என்ற பயம்தான் இருந்தது.

அன்னமயில் சட்டித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாள். மாவிலை வைத்தாள், மஞ்சள் தடவினாள், பூவைச் சுற்றினாள், இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ரெங்கம்மாக்கா வீட்டுப் பின்கட்டில் வலது காலை எடுத்து வைத்து நுழைந்தாள். அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வரும்போது, வெளியே அக்கினி நட்சத்திரத்து வெயில் தெருநாயை எல்லாம் சாக்கடைக்குள் இறக்கிவிட்டிருந்த அந்தப் பதினொரு மணிக்கு, பின்அறையில், பிள்ளைக்கென்று கட்டில் போட்டிருந்த இடத்துக்கு நேரே மேலே இருந்து, டொக் டொக் என்று இரண்டு சொட்டு விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இருவரும் கரண்டியோடு நின்றார்கள். மூன்றாவது சொட்டும் விழுந்தது.

"கூடவே வந்துட்டு" என்றாள் எஸ்தர் டீச்சர். பிறகு போய் அலுமினியச் சட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

ரெங்கம்மாக்கா பிச்சைக்கனிக் கொத்தனாரைக் கூட்டி வந்தாள். அவர் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தார். மேலே ரெங்கம்மாக்காவின் மிளகாய் வற்றல் சருகாகக் காய்ந்துகொண்டிருந்தது, தொட்டி கிடையாது, குழாய் கிடையாது. கீழே இறங்கி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பீடி நேரம் சொட்டைக் காது கொடுத்துக் கேட்டார்.

"இது இந்த வீட்டு ஒழுகல் இல்ல. ரெண்டு விட்டு ஒண்ணு விழுது பாத்தீகளா, இது பால்வண்ணம் அண்ணாச்சி வீட்டு ஒழுகல். அந்தத் தொட்டி கட்டுனதே நான்தான், எனக்குத் தெரியாதா. நீங்க நிறைகுடத்துல வச்சு, பூச்சுத்திக் கூப்பிட்டிருக்கீக, அதுவும் மரியாதைக்கு வந்துருக்கு. இனி அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் என்னுதுதான்னு வாயால சொல்லிக் குடத்தைக் கையில வாங்குனாத்தான் போகும். சிமெண்டு வச்சுப் பூசி ஒண்ணும் ஆகாது."

நல்லமுத்தூர் ஒரு விஷயத்தைப் பழகிக்கொள்ள மூன்று நாளுக்கு மேல் எடுக்காது. முதல் நாள் தெருவே வந்து பார்த்தது. இரண்டாம் நாள் பார்க்க வந்தவர்கள் குடத்தோடு வந்தார்கள், பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் வெயில் காலத்தில் தானாகச் சொட்டுகிற தண்ணீரை யார் சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் வரிசை உண்டானது, வரிசைக்குச் சண்டை உண்டானது, சண்டையைத் தீர்க்க ரெங்கம்மாக்கா சுவரில் கரிக்கட்டியால் பேர் எழுதினாள். பழைய தொட்டி வாசம் லேசாக அடித்தாலும் பானையில் ஊற்றி வைத்தால் ஐஸ் மாதிரி இருந்தது. அந்தத் தண்ணீரில் மோர் கரைத்தால் புளிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள், தலைக்கு ஊற்றினால் பேன் போகிறது என்று இன்னொருத்தி சொன்னாள். வார்டு கவுன்சிலர் வந்து ஒழுகலுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, இது தன் முயற்சியால் வந்தது என்று பேப்பரில் போடச் சொன்னார். ரெங்கம்மாக்கா வீட்டுச் சாமந்திகூடத் துளிர்த்துவிட்டது. ஒழுகலோடு வந்த குடித்தனத்தைப் போகச் சொல்வாளோ என்று அன்னமயில் பயந்தது போக, வாடகையைக் குறைக்கட்டுமா என்று அவள் கேட்டது இன்னும் பயமாக இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டுமே, அன்னமயிலு. உனக்கு என்ன கெடுதல் செய்யுது?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

அன்னமயில் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒழுகல் அங்கே வந்தது. வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த சுவரில் ஒரு தோசை அகலத்துக்கு ஈரம் இறங்கியிருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளையின் நெஞ்சுக்குள் கேட்கிற விசில் சத்தம் அவள் காதிலேயே கேட்டது. இந்த ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகிறதே, என் பிள்ளை மூச்சு விடுவது ஒருத்தருக்கும் கணக்கில் வரவில்லையே என்று அன்றைக்கு அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அலுமினியச் சட்டியைத் திட்டினாள்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போனாள். ஸ்டூல் வந்தது, பன்னீர் சோடா வந்தது. சோடாவைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டு முடித்து, முகம் மலர்ந்துபோனார்.

"நேத்துத்தான் கடைப்பையன மாடிக்கு அனுப்பினேன் தாயீ. ஒரு பொட்டு ஈரம் இல்லையாம். நான் அப்பவே சொன்னேன்லா, எங்க வீட்டுல ஒழுகலே கிடையாதுன்னு. நீதான் நம்பல."

"நாங்க கொண்டு போயிட்டோம், அண்ணாச்சி. அதான் இல்ல."

"அப்ப அது உன்னுதுதானே தாயீ. கொண்டு போனவங்களுதுதானே அது. வீட்டுச் சாமானைக் கேக்காம கொண்டு போனேன்னு நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு, காலண்டரை நிமிர்ந்து பார்த்து, "எதுக்கும் இந்தக் கரிநாள் கழியட்டும். பாத்துக்கிடலாம்" என்றார். அன்னமயில் எழுந்து வந்தாள்.

அந்த வாரமே அண்ணாச்சியின் பெண்சாதி செல்லக்கனி பத்திரிகையோடு பால்பண்ணைத் தெருவுக்கு வந்தாள். கிழக்கே புது காலனியில் அண்ணாச்சி இரண்டு மாடியில் சொந்த வீடு கட்டி முடித்திருந்தார். வைகாசிக் கடைசிப் புதன்கிழமை, காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் பால் காய்ச்சுகிறார்கள். "நம்ம வீட்டுல குடியிருந்த பிள்ளைக நீங்க. நீயும் ஒரு நிறைகுடம் எடுத்துட்டு வந்துரு தாயீ" என்று சொல்லி, குங்குமம் கொடுத்து, போகிற போக்கில் ஒரு சொம்பு ஒழுகல் தண்ணீரும் குடித்து, நல்ல தண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் எஸ்தர் டீச்சர் கதவைச் சாத்தினாள். "கர்த்தரே வழி காட்டிட்டார், அன்னம். சட்டித் தண்ணியக் குடத்துல ஊத்து, பூவைச் சுத்து, வாயைத் திறக்காம உள்ள கொண்டு போய் வை. வந்த மாதிரியே போகட்டும்."

"சொந்தக்காரர் என்னுதுன்னு சொல்லணும்னுல்ல கொத்தனார் சொன்னாரு?"

"அவரு வீட்டு வாசல்ல, அவரு பெண்சாதி கூப்பிட்டு, அவரு கையால வாங்கி உள்ள வைக்கிறதைவிட வேற என்ன சொல்லணும்?"

புதன்கிழமை காலையில் அப்படியே செய்தார்கள். குடத்தோடு அன்னமயில் போய்ச் சேர்ந்தபோது புது வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் ஊதி, மாட்டுக்கும் கன்றுக்கும் பொட்டு வைத்து, ஏழு பெண்கள் ஏழு குடத்தோடு நின்றார்கள். இவளுடையது எட்டாவது. பட்டுவேட்டியும் பட்டுச்சட்டையுமாக நின்ற அண்ணாச்சி, "வா தாயீ, வா" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். அன்னமயிலும் சிரித்து வைத்தாள். சனிக்கிழமைக்கு மூன்றே நாள்தான் இருந்தது.

நிலைப்படிக்கு வந்து வலது காலைத் தூக்கும்போது உள்ளே கூடம் தெரிந்தது. புதுப் பெயிண்ட் வாசம் போகாத கூரையின் நடுவில் ஒரு இரும்புக் கொக்கி தொங்கியது. தொட்டில் கொக்கி. வாசலில் அண்ணாச்சியின் மகள் நாலு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். ஒழுகல் எங்கே போய் நிற்கும் என்று அன்னமயிலுக்குத் தெரியும். பிள்ளை படுக்கிற இடத்துக்கு நேர் மேலேதான் அது போகும், அதற்கு வேறு இடம் தெரியாது. தூக்கின காலை அவள் கீழே வைத்தாள். வைத்தது நிலைப்படிக்கு இந்தப் பக்கம்.

"அண்ணாச்சி, இது உங்க ஒழுகல்" என்றாள். "சொல்லாம உள்ள கொண்டு வச்சுரலாம்னுதான் வந்தேன். தொட்டில் கொக்கியப் பாத்துட்டேன். என் பிள்ளைக்கு வந்த கஷ்டம் இந்தப் பிள்ளைக்கு எதுக்கு. நீங்க இதைக் கையில வாங்கி, மாடி வீட்டுக்குக் கொண்டு போய் விடுங்க."

நாதஸ்வரம் நின்றது. அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், பழக்க தோஷத்தில் தலைக்கு மேலே நிமிர்ந்தும் பார்த்தார், அங்கே காலண்டர் இல்லை, மாவிலைத் தோரணம்தான் இருந்தது.

"பாத்துக்கிடலாம் தாயீ, இன்னிக்கு..."

"இன்னிக்குக் கரிநாள் இல்ல அண்ணாச்சி. அஷ்டமி இல்ல, நவமி இல்ல. உங்களுக்குச் சந்திராஷ்டமம் இல்ல. சூலம் வடக்கே, மாடி வீடு மேக்கே இருக்கு. நீங்களே பாத்து எடுத்த நாளு. கல்யாண வீட்டுக்கும் போக முடியாது, விசேஷமே உங்க வீட்டுலதான்."

அண்ணாச்சி ஐயரைப் பார்த்தார். வாசல் வரைக்கும் வந்த நிறைகுடத்தைத் திருப்பி அனுப்புவது வீட்டுக்கு ஆகாது, இன்னது என்று தெரிந்த பிறகு உள்ளே வைப்பதும் ஆகாது என்று ஐயர் சொல்லிவிட்டு, வாட்சைப் பார்த்தார். செல்லக்கனிதான் முன்னால் வந்தாள்.

"நாலு வருசமா ஒழுகுச்சா?" என்று அன்னமயிலைக் கேட்டாள்.

"நாலு வருசமா, மதினி."

செல்லக்கனி புருசனைப் பார்த்தாள். "மாட்டை நான் உள்ள ஏத்துதேன். பத்தேகாலுக்குள்ள போயிட்டு வாங்க" என்றாள்.

அப்படித்தான் நல்லமுத்தூர் கண்ட ஊர்வலங்களிலேயே விசேஷமான அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளில் பித்தளைக் குடத்தோடு பால்வண்ணம் அண்ணாச்சி, பின்னால் அன்னமயிலும் எஸ்தர் டீச்சரும், அதற்குப் பின்னால் பிச்சைக்கனிக் கொத்தனார், வந்த வேலைக்கு வாசித்தாக வேண்டுமே என்று நாதஸ்வரக்காரர்கள், பந்திக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று விருந்தாளிகள், தண்ணீர் போகிறதே என்ற கவலையில் பால்பண்ணைத் தெருப் பெண்கள், இத்தனை பேரும் கடைத்தெரு வழியாக, அண்ணாச்சியின் சொந்தக் கடையைத் தாண்டி, மேலத்தெருவுக்குப் போனார்கள். கடை வாசலில் நின்ற சோடாக்காரன், முதலாளி குடம் தூக்குகிறாரே என்று என்னவோ ஏதோவென்று கும்பிட்டான்.

பதினேழு படியையும் அண்ணாச்சி ஏறினார். ஏழாவது படியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார், பன்னிரண்டாவதில் ஒரு முறை. மேலே வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்து, அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தார். தரையில் சட்டி வைத்து வைத்துக் கறை வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. நாலு சுவரோரமும் கட்டில் கால் அழுத்தின குழி இருந்தது. சுவரில் அவர் நெஞ்சு உயரத்துக்குக் கீழே பென்சிலால் மூன்று கோடு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"இது என்ன கோடு தாயீ?"

"பிள்ளை வளந்தது, அண்ணாச்சி. பிறந்த நாளைக்குப் பிறந்த நாள் போட்டது. அஞ்சு, ஆறு, ஏழு."

"ஏன் ஏழோட நிக்கி?"

"எட்டும் ஒம்பதும் வளந்துச்சு. இங்க வச்சு வளரல."

அண்ணாச்சிக்குத் தோளில் இருந்த குடம் கனத்ததோ என்னவோ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேரப்பிள்ளைக்குப் போட்ட கொக்கி அவர் நினைவுக்கு வந்திருக்கும், வரவில்லை என்றால் அவர் மனிதரே இல்லை. கறை வட்டத்தில் பெரியதாக இருந்ததன் நடுவில் குடத்தை இறக்கி வைத்தார்.

"ஆமா. இது என் வீட்டு ஒழுகல்தான்" என்றார்.

மேலே இருந்து டொக் டொக் என்று இரண்டு சொட்டு அவர் பட்டுச்சட்டையின் தோளில் விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் எல்லாரும் நின்றார்கள். மூன்றாவது சொட்டு அவர் வழுக்கையில் விழுந்து, நெற்றி வழியாக மூக்கில் இறங்கியது. அண்ணாச்சி துடைக்கவில்லை. "பாத்துட்டேன் தாயீ" என்றார்.

பத்தேகாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அவர் திரும்பிப் போய்ச் சேர்ந்தார் என்பதும், ஈரச் சட்டையோடுதான் பால் காய்ச்சினார் என்பதும், மறுநாள் கரிநாள் என்று தெரிந்தும் பிச்சைக்கனிக் கொத்தனாரோடு மாடியில் ஏறித் தொட்டியை இடித்தார் என்பதும் ஊருக்கெல்லாம் தெரியும். பால்பண்ணைத் தெருப் பெண்கள் ஒரு வாரத்துக்கு அன்னமயிலோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெங்கம்மாக்கா மட்டும், சாமந்தி வாடிப்போனாலும் பரவாயில்லை என்று, சுவரில் எழுதின வரிசைப் பேரை எல்லாம் அழித்து வெள்ளையடித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தர்ஷினி வந்தது. பையைப் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறிக் குதித்து, சுவரில் கன்னத்தை வைத்து, "சுடுதும்மா" என்று சிரித்தது. நெஞ்சில் விசில் இல்லை. அன்னமயில் காதை வைத்தே கேட்டுவிட்டாள், கூசுது என்று பிள்ளை தள்ளிவிட்டது.

புதன்கிழமை மாடி வீட்டிலிருந்து கிளம்புமுன், ஏழு வயதுக் கோட்டின் உயரத்தை ஒரு சணல் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். அந்த முடிச்சுக்கு நேராகப் புதுச் சுவரில் ஒரு கோடு போட்டாள். பிறகு பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, குதிகாலைத் தூக்காதே என்று அதட்டி, தலையில் டீச்சருடைய ஸ்கேலை வைத்து இன்னொரு கோடு போட்டாள். போட்டுவிட்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தாள். ஒரு கை போதவில்லை, மறு கையும் வைத்தாள். ஏழு விரல். அந்த ஏழு விரல் அகலமும் அவள் பார்க்காமல் வளர்ந்தது.

வெள்ளையடித்த சுவருக்குக் கீழே, காய்ந்த தரையில், இரண்டு சொட்டு விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து மூன்றாவதும் விழுந்தது. தர்ஷினி பயந்துபோய்த் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தது.

"அம்மா, இங்கயும் ஒழுகுதா?"

"இல்லடி. கூரை ஒழுகல" என்றாள் அன்னமயில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அது அம்மாதான்."